குளோரினை எடுத்த பிறகு காவலுக்கு யார்? சிங்க்குக்குக் கீழே மாட்டும் ஃபில்டர் பற்றி

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பேட்டையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர் இருந்தன. ஒன்றில் பளிங்கு மாதிரி தண்ணீர். இன்னொன்றில் செங்கல்லைக் கரைத்தது போல் பழுப்பு, மேலே பச்சையும் கறுப்புமாய் ஒரு நுரை. காலையில் வீட்டுக்கு வந்த ஃபில்டர் விற்பனையாளர் வைத்துவிட்டுப் போனதாம். குழாய்த் தண்ணீரில் ஏதோ கருவியை முக்கி, இரண்டே நிமிடத்தில் அதைப் பழுப்பாக்கி, "இதைத்தான் ஆன்ட்டி நீங்கள் தினமும் குடிக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு, ஐந்து கட்ட ஆர்.ஓ. (கரைந்த உப்பையும் எடுக்கும் சவ்வு ஃபில்டர்) பெட்டிக்கு விலை எழுதிய தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியம்மா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "கண்ணு, நாப்பது வருஷமா இந்த அழுக்கையா குடிச்சோம்? உன் பெரியப்பா இதைக் குடிச்சுத்தானே படுத்தாரு?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஃபில்டர் விற்பது தப்பில்லை. செத்துப்போன கணவரை நினைத்து ஒரு மூதாட்டி தண்ணீர் டம்ளரைப் பார்த்து அழும்படி செய்வது தப்பு. அதுவும் அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை எனும்போது.

அந்தக் கருவியில் இருப்பவை உலோகக் கம்பிகள். ஒரு ஜோடி இரும்பு, ஒரு ஜோடி அலுமினியம். மின்சாரம் பாயும்போது இரும்பு தண்ணீரில் கரைந்து துருவாகிறது. நாம் பார்க்கும் நிறம் கம்பியின் துரு. மின்சாரம் பாயத் தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் கரைந்திருக்க வேண்டும். கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்றவை எல்லா ஆற்றுத் தண்ணீரிலும் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில் அவை ஏறக்குறைய இல்லாததால் மின்சாரம் பாயாது, கம்பி கரையாது, டம்ளர் தெளிவாகவே நிற்கும். இனி யாராவது இந்த வித்தையைக் காட்ட வந்தால், அவர் கொண்டுவந்த சுத்தமான தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டி.டி.எஸ். மீட்டரும் இதே கதைதான். பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி கரைந்த உப்பின் அளவை மின்கடத்தலை வைத்து மதிப்பிடுகிறது, அவ்வளவே. கிருமி இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் நல்ல சுவையுடன் இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தென்னாப்பிரிக்காவின் குடிநீர்த் தரநிலையான சான்ஸ் 241 வைத்திருக்கும் எல்லை 1,200. மீட்டரில் 150 என்று வந்தால் அதில் பயப்பட எதுவும் இல்லை. மீட்டரில் 20 வந்தாலும் அந்தத் தண்ணீரில் காலரா கிருமி இருக்கலாம்.

சரி, அப்படியானால் நம் குழாயில் வருவது என்ன?

டர்பனின் பெரும்பகுதிக்கு உம்ங்கேனி ஆறுதான் தாய். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா என்று அதன்மேல் வரிசையாக அணைகள். அந்தத் தண்ணீர் டர்பன் ஹைட்ஸ், விகின்ஸ் போன்ற நிலையங்களில் சுத்தமாகிறது. வடக்கே வெருளம் பக்கத்துக்கு உம்ட்லோட்டி ஆற்றின் ஹேசல்மியர் அணை. நிலையத்தில் நடப்பது பழைய முறைதான். கலங்கலைத் திரட்டும் மருந்து கலப்பார்கள், திரண்டது அடியில் தங்கும், மேல் தண்ணீர் மணல் படுகை வழியாக இறங்கும், கடைசியில் குளோரின். மணல் வடிகட்டியைத் தாண்டிய கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் குளோரின் கொல்லும். அதோடு அதன் வேலை முடியாது. கொஞ்சம் குளோரின் தண்ணீரிலேயே மிச்சமாக இருந்து, பல கிலோமீட்டர் குழாயிலும் நீர்த்தேக்கத் தொட்டியிலும் கூடவே வந்து, நம் வீட்டுக் குழாய் வரைக்கும் காவல் காக்கும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சான்ஸ் 241. சில நாள் காலையில் கெட்டிலைத் திறந்ததும் நீச்சல் குள வாசனை அடிக்கிறதே, அது அந்தக் காவலாளியின் வாசனை.

சிங்க்குக்குக் கீழே நாம் மாட்டப்போகும் சாதாரண ஃபில்டர் முதலில் விரட்டுவது இந்தக் காவலாளியைத்தான். இதை எந்தக் கடைக்காரரும் நமக்குச் சொல்வதில்லை. குளோரினை எடுத்த அந்த நொடியிலிருந்து அது பார்த்த வேலை நம் தலையில் விழுகிறது. ஃபில்டர் வாங்குவது என்றால் பெட்டியோடு இந்தப் பொறுப்பையும் சேர்த்து வாங்குவது. அதை ஏற்கத் தயாராக இருக்கிறவர் தாராளமாக மாட்டலாம். மாட்டிவிட்டு மூன்று வருடம் கப்போர்டைத் திறந்தே பார்க்காதவர், மாட்டாமலே இருந்திருக்கலாம்.

அப்புறம் எதற்கு மாட்டுவது என்று கேட்பீர்கள். காரணங்கள் இருக்கின்றன, அதுவும் இந்த ஊரில் கொஞ்சம் அதிகமாகவே.

நிலையத்திலிருந்து நல்ல தண்ணீர் கிளம்பினாலும் வழியில் என்ன ஆகும் என்பது வேறு. 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டின் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து, அங்குள்ள மக்கள் பல மாதங்கள் வாளியும் கேனுமாக டேங்கர் லாரிக்குக் காத்து நின்றார்கள். பக்கி என்ற சின்னத் திறந்த லாரியில் டிரம் கட்டிக்கொண்டு உறவினர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன குடும்பங்கள் எத்தனையோ. அதற்குப் பிறகும் குழாய் உடைப்பு, பம்ப் பழுது, இரவு நேர அடைப்பு என்று தண்ணீர் நின்று நின்று வருவது பல பேட்டைகளில் பழகிப்போய்விட்டது. 2023 டிசம்பரில் வெளியான, குடிநீர் பற்றிய அரசின் புளூ டிராப் அறிக்கையின்படி, நாட்டில் கட்டணம் வசூலாகாமல் போகும் தண்ணீர் 47 சதவீதம். அதில் பெரும்பங்கு கசிவு. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை கசிவு வழியாகத் தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் விழுந்ததும் அதே ஓட்டை வழியாகச் சுற்றியிருக்கும் மண் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். தண்ணீர் திரும்பி வரும் முதல் அரை மணி நேரத்தில் குழாய் இருமி இருமி செம்மண் நிறத்தில் கக்குவது இதனாலும்தான், குழாய்ச் சுவரில் படிந்த துரு உரிந்து வருவதாலும்தான்.

அதே அறிக்கை நாட்டின் குடிநீர் அமைப்புகளில் 46 சதவீதம் நுண்ணுயிர்த் தரத்தில் தேறவில்லை என்றது. இது நாடு முழுவதையும் சேர்த்த கணக்கு. சின்ன நகராட்சிகளின் நிலைமை பெரிய நகரங்களைவிட மோசம். ஆனால் "நம் ஊருக்கு வராது" என்று இருக்கவும் முடியாது. 2000, 2001 ஆண்டுகளில் குவாசுலு-நட்டாலில் காலரா ஒரு லட்சம் பேருக்கு மேல் தாக்கியது. 2023 மே மாதம் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஹமன்ஸ்கிராலில் வந்த காலராவில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதைப் படித்ததும் ஃபில்டர் மாட்டினால் காலராவிலிருந்து தப்பலாம் என்று தோன்றும். அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான கரி ஃபில்டர் கிருமிக்கானது இல்லை. அது எதற்கானது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

எளிமையான அமைப்பில் இரண்டு குப்பிகள் அடுத்தடுத்து இருக்கும். முதல் குப்பியில் வெள்ளையாக, நூல் சுற்றிய மாதிரியோ பஞ்சு உருளை மாதிரியோ ஒரு பாலிபுரப்பிலீன் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ், அதாவது மாற்றிப் போடும் உருளை. மண், துரு, மணல் இவற்றைப் பிடிப்பது இது. பெரும்பாலும் 5 மைக்ரான் என்று போட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். பாக்டீரியாக்களில் பல 1 மைக்ரான் அளவுதான் இருக்கும். ஆகவே 5 மைக்ரான் பஞ்சு வழியாக அவை சாவகாசமாகப் போய்விடும்.

இரண்டாவது குப்பியில் கரி. இதுதான் விஷயமே. நல்ல கரி தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வருகிறது. நம் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்றைக்கும் சிரட்டைக் கரி பெரிய தொழில். சிரட்டையைக் கரியாக்கி, மிக அதிக வெப்பத்தில் நீராவி பாய்ச்சினால் அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகும். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் பரப்பை விரித்தால் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் வரும். தண்ணீர் போகும்போது மணமும் நிறமும் தரும் கரிமப் பொருள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். குளோரின் மட்டும் ஒட்டிக்கொள்வதில்லை, கரியோடு வினைபுரிந்து சாதாரண குளோரைடாக மாறிவிடும்.

கோடையின் கடைசியில் சில வருடம் தண்ணீரில் மண் வாசனை வருமே, மழை விழுந்த புழுதி மாதிரி, சில நேரம் பீட்ரூட் மாதிரி? அணையில் நீலப்பச்சைப் பாசி பெருகும்போது அது வெளிவிடும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் காரணம். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். கெடுதல் இல்லை, ஆனால் தேநீரையும் ரசத்தையும் கெடுத்துவிடும். கொதிக்கவைத்தால் முழுதாகப் போகாது. கரி இதை நன்றாகப் பிடிக்கும். எனக்குக் கரி ஃபில்டர் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

கரியில் இரண்டு வகை. குப்பிக்குள் தளர்வாகக் கொட்டிய குருணை ஒன்று. அரைத்து, அழுத்தி, உருளையாகச் செய்த கட்டி மற்றொன்று. குருணையில் தண்ணீர் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டு அதிலேயே ஓடும், பாதிக் கரி வேலை செய்யாமலே கிடக்கும். கட்டியில் அப்படி வழி கிடைக்காது. கொஞ்சம் விலை கூடினாலும் கட்டியையே வாங்குங்கள். அட்டையில் "நாமினல்" என்ற சொல் இருந்தால் சொன்ன அளவு அழுக்கில் பெரும்பகுதியைப் பிடிக்கும் என்று பொருள். "அப்சலூட்" என்றிருந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய.

தரச்சான்றைப் படிக்கப் பழகுவதும் அவசியம். என்.எஸ்.எஃப். என்பது ஃபில்டர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு. என்.எஸ்.எஃப். 42 என்றால் சுவை, மணம், குளோரின் இவற்றுக்கு மட்டும். என்.எஸ்.எஃப். 53 என்றால் உடல்நலம் சம்பந்தப்பட்டது. அதிலும் எந்தப் பொருளுக்குச் சான்று வாங்கியிருக்கிறார்கள் என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஈயத்துக்கு இருக்கலாம், கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணி முட்டைகளுக்கு இருக்கலாம், இரண்டுக்கும் இல்லாமலும் இருக்கலாம். "என்.எஸ்.எஃப். தரத்தில் சோதிக்கப்பட்டது" என்ற வாசகத்தை நம்பிவிடாதீர்கள். சோதித்ததும் சான்று வாங்கியதும் ஒன்றில்லை. பெட்டியில் சான்று எண்ணோ முத்திரையோ இருந்தால் அந்த அமைப்பின் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

வெள்ளி பூசிய கரி என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். கரிக்குள் பாக்டீரியா வளர்வதை அது ஓரளவு தாமதப்படுத்தும். குடிக்கும் தண்ணீரைக் கிருமி நீக்கம் செய்யாது.

கிருமிக்கும் ஏதாவது வேண்டும் என்று நினைப்பவருக்கு, இந்த ஊரில் நான் சொல்வது யூ.எஃப். என்ற நுண்குழல் வடிகட்டி. சேமியா மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்கள், அவற்றின் சுவரில் 0.01 முதல் 0.1 மைக்ரான் துளைகள். பாக்டீரியாவும் ஒட்டுண்ணி முட்டையும் போகாது. வைரஸ்களில் மிகச் சிறியவை துளையின் அளவைப் பொறுத்துத் தப்பலாம். உப்புகள் அப்படியே வரும், சுவை மாறாது. மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வீணாகாது. கரிக்கட்டிக்கு அடுத்து மூன்றாவது குப்பியாக இதை வைத்தால், கரிக்குள் வளர்ந்த பாக்டீரியாவையும் இது தடுக்கும். காவலாளியை அனுப்பிவிட்டு வாசலுக்குப் பூட்டுப் போடுவது போல.

யூ.வி. (புற ஊதா) விளக்கும் நல்லதுதான், வைரஸையும் கொல்லும். ஆனால் மின்சாரம் போனால் அது வெறும் குழாய். 2023ஆம் ஆண்டு லோட் ஷெடிங்கை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பம்ப் நிற்பதும் தண்ணீர் கெடுவதும் மின்சாரம் போகிற அதே நேரத்தில்தான். தேவைப்படும் நாளில் கைகொடுக்காத பொருளுக்கு முதலிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் யூ.வி. சரியாக வேலை செய்யாது.

பெரியம்மாவுக்கு விலை எழுதிக் கொடுத்த அந்த ஆர்.ஓ. கெட்ட பொருள் இல்லை. உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஈயம் என்று கரைந்தவற்றில் பெரும்பகுதியை எடுக்கும். ஆனால் எடுத்ததை வெளியே தள்ளத் தண்ணீர் வேண்டும். சாதாரண வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டருக்கு 2 முதல் 4 லிட்டர் சாக்கடைக்குப் போகும். நாளுக்கு 10 லிட்டர் குடிநீர் எடுக்கும் வீட்டில், 3 லிட்டர் என்றே வைத்தாலும், வருடத்துக்கு ஏறக்குறைய 11,000 லிட்டர். தண்ணீர் வராத நாளுக்கு வாளியில் பிடித்து வைக்கும் ஊரில், நகராட்சித் தண்ணீருக்காக இப்படிக் கொட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆர்.ஓ.வுக்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தமும் வேண்டும், இல்லாவிட்டால் பம்ப். மறுபடி மின்சாரம்.

செலவுக்கு வருவோம். எல்லோரும் பெட்டியின் விலையைப் பார்க்கிறார்கள், நான் கார்ட்ரிட்ஜின் விலையைத்தான் பார்ப்பேன். நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்க, தேநீருக்கு, சோற்றுக்கு, குழம்புக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு 10 லிட்டர் என்றால் ஆறு மாதத்தில் 1,825 லிட்டர்தான். கார்ட்ரிட்ஜ் அட்டையில் 4,000 லிட்டர் என்று போட்டிருந்தால், ஒரு வருடத்துக்கு மேல் வரும் என்று தோன்றும். ஆனால் ஈரமான, குளோரின் இல்லாத, கரிமப் பொருள் பிடித்து வைத்த கரி பாக்டீரியாவுக்கு நல்ல விளைநிலம். லிட்டர் மிச்சமிருந்தாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிட வேண்டும். குளோரின் வாசனை திரும்பி வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. மற்றப் பொருள்களைப் பிடிக்கும் சக்தி தீர்ந்த பிறகும் கரி குளோரினை மட்டும் வெகுநாள் மாற்றிக்கொண்டே இருக்கும். மூக்கை நம்ப முடியாது, காலண்டரைத்தான் நம்ப வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 5 வருடத்தில், பெட்டியோடு வரும் முதல் ஜோடி போக, 9 முறை மாற்ற வேண்டும். 18 கார்ட்ரிட்ஜ். குப்பியை ஒரு தடவை வாங்குகிறோம், கார்ட்ரிட்ஜை 18 தடவை வாங்குகிறோம். அதனால்தான் 10 அங்குலப் பொது அளவுக் குப்பியை வாங்கச் சொல்கிறேன். அதற்கு எந்தக் கம்பெனியின் கார்ட்ரிட்ஜும் பொருந்தும், ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். அழகாக, ஒரு திருகில் கழன்று வரும் தனி வடிவங்கள் மாற்றச் சுலபம்தான். ஆனால் அந்தக் கம்பெனி கடையை மூடினாலோ விலையை ஏற்றினாலோ நமக்கு வேறு வழி இல்லை.

பெரியம்மா வீட்டில் நானே மாட்டினேன். சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகளில் இருப்பது போல், சிங்க்குக்குக் கீழே இருந்த வால்வு எத்தனையோ வருடமாகத் திருகப்படாமல் இறுகிப் போயிருந்தது. அதைப் பலவந்தமாகத் திருகினால் கழுத்து உடையும். வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் முதன்மை வால்வை அடைத்துவிட்டு, பழையதைக் கழற்றி, அரை அங்குலப் புது வால்வும் ஒரு டி இணைப்பும் போட்டேன். குளிர்ந்த தண்ணீர்க் குழாயில்தான் போட வேண்டும். வெந்நீர் கெய்சரிலிருந்து வரும் குழாயில் தவறிப் போட்டால் பிளாஸ்டிக் குப்பி இளகும், கரி பிடித்து வைத்ததையும் வெந்நீர் கழுவி விட்டுவிடும். இரண்டு வால்வும் ஒரே மாதிரி இருக்கும். குழாயைத் திறந்து கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குப்பியின் கழுத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், ஓ-ரிங். அதில் உணவுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவ வேண்டும். வாசலின் தடவினால் சில வகை ரப்பர் ஊதிப்போய்க் கெடும். குப்பியைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் போதும். வேலை முடிந்ததும் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு அங்கேயே தூங்கினேன். ராத்திரி ஊர் உறங்கும்போது குழாயில் அழுத்தம் ஏறும், பகலில் ஒழுகாத இணைப்பு அப்போது ஒழுகும். காலையில் தாளில் ஒரு ராண்ட் காசு அளவுக்கு ஈரம். வளையம் ஓரிடத்தில் மடிந்து உட்கார்ந்திருந்தது. எடுத்துச் சரிசெய்து மறுபடி மாட்டியதும் நின்றது. தாள் விரிக்காமல் இருந்திருந்தால் ஆறு மாதம் கழித்துக் கப்போர்டின் அடிப்பலகை உப்பிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

மலைச்சரிவில், பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அழுத்தம் அதிகம். குப்பியில் அதிகபட்ச அழுத்தம் எழுதியிருக்கும், பெரும்பாலும் 6 முதல் 8 பார். உங்கள் வீட்டில் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் தட்டுகிற சத்தம் கேட்கிறதென்றால், ஃபில்டருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள். பிளம்பருக்குத் தெரியும்.

புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டதும் முதல் 20 லிட்டர் கறுப்பாக, பொடிப் பொடியாக வரும். கரித்தூள்தான். செடிக்கு ஊற்றிவிடலாம். பெரியம்மாவின் கறிவேப்பிலைக்கு ஊற்றினோம்.

குடிநீருக்கென்று சிங்க்கில் தனிச் சின்னக் குழாய் வைத்துக்கொள்வதே நல்லது. பாத்திரம் தேய்க்கிற தண்ணீரையெல்லாம் கரி வழியாக விட்டால் கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் அடைத்துப்போகும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சப் பெரிய பாத்திரத்தை அந்தச் சின்னக் குழாயில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். எப்படியும் கொதிக்கப்போகிற தண்ணீர், பெரிய குழாயிலேயே பிடியுங்கள்.

இங்கே பெரியம்மாவிடம் ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னேன். அவர் செம்பில் தண்ணீர் பிடித்து சாமி அலமாரிப் பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று நாள் குடிப்பார். குளோரின் உள்ள தண்ணீருக்கு அது ஒத்துவந்தது. கரி வழியாக வந்த தண்ணீரில் காவல் இல்லை. அன்றன்றைக்குப் பிடித்து அன்றன்றைக்கே குடிக்க வேண்டும், மூடி வைக்க வேண்டும், மிஞ்சியது ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் முதலில் இரண்டு மூன்று நிமிடம் குழாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். "சாமிக்கு வைக்கிற செம்பு?" என்றார். அதற்குப் பெரிய குழாய்த் தண்ணீர் போதும் என்றேன், ஒத்துக்கொண்டார்.

தண்ணீர் நின்று திரும்பி வருகிற நாளைப் பற்றி. தண்ணீர் நின்றதுமே ஃபில்டருக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் வெளிக்குழாயைத் திறந்து காற்றும் செம்மண்ணும் போகும்வரை விடுங்கள். வாளியில் பிடித்தால் கழிவறைக்கு ஆகும். பிறகு சமையலறையின் பெரிய குழாய். அது தெளிந்த பிறகுதான் ஃபில்டர் வால்வு. முதல் ஓட்டத்தை ஃபில்டர் வழியாக விட்டால் ஆறு மாதம் வர வேண்டிய பஞ்சு ஒரே மணி நேரத்தில் செங்கல் நிறத்தில் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கும் அடுத்த நாளும் குடிக்கும் தண்ணீரை ஃபில்டருக்குப் பிறகு கொதிக்கவைப்பதே பாதுகாப்பு. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

டேங்கரில் பிடித்த தண்ணீர், முற்றத்து ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில் நின்ற தண்ணீர், மழைத் தண்ணீர் இவற்றைக் கரி ஃபில்டரை மட்டும் நம்பிக் குடிக்கவே கூடாது. கொதிக்கவைக்க வழியில்லை என்றால், வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் ஒரு தேக்கரண்டி, 20 முதல் 25 லிட்டருக்கு. கலக்கி மூடி வைத்து, குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் துணியில் வடித்துவிட்டு, இரண்டு மணி நேரம். அந்தத் தண்ணீரைப் பிறகு கரி வழியாக விட்டால் பிளீச் வாசனை போய்விடும். வெள்ளக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

ஆர்.ஓ. உண்மையாகவே தேவைப்படும் இடங்களும் இந்த நாட்டில் உண்டு. வடக்கே லிம்போப்போவில், நார்தர்ன் கேப்பில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருப்பவர்களின் தண்ணீரில் நைட்ரேட் கூடுதலாக இருப்பது தெரிந்ததே. நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் என்பது சான்ஸ் 241 எல்லை. அதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் தண்ணீர் சுண்டி நைட்ரேட் இன்னும் செறிவாகும். கரியால் ஒன்றும் ஆகாது. நார்த் வெஸ்டின் பிலானெஸ்பெர்க் பக்கத்தில் ஃபுளோரைடு பிரச்சினை, எல்லை 1.5 மில்லிகிராம். அதற்கும் கரி உதவாது. கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர் எந்தக் கடைக்கும் போகும் முன் ஓர் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துவிட வேண்டும். மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட், ஃபுளோரைடு, மொத்த உப்பு, இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள். குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும் வீடாக இருந்தால் அந்தச் சோதனைக்குச் செலவாகும் பணத்தை யோசிக்கவே வேண்டாம்.

பெரியம்மா வீட்டுக் குப்பியில் ஒட்டுத்தாளில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். கப்போர்டுக் கதவின் உட்புறத்திலும் எழுதியிருக்கிறேன். அந்தப் பழுப்பு டம்ளரை அவர் முன்னாலேயே கழுவி வைத்துவிட்டு, பெரியப்பாவுக்கு வந்தது இருதய நோய், அதற்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தம் இல்லை என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறைதான் தலையாட்டினார்.